இடிக்கத் தெரியாத ஓட்டுநர்

வேண்டுமென்றே ஒரு வண்டியைக் கொண்டுபோய் இடிப்பது எனக்கு வரவே இல்லை. இடிப்பதற்காகவே செய்த விளையாட்டு அது. எவ்வளவு பலமாக இடிக்கிறோமோ அவ்வளவு புள்ளி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டே செய்கிற காரியம். நான் இரண்டு நாள் வியர்த்து உட்கார்ந்திருந்தும் முடியவில்லை. முடியாமல் போனால் நட்டம் எனக்கு இல்லை, என் மகளுக்கு. அதனால்தான் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் தவித்தேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பாதையில், பிரிந்து மேலே ஏறுகிற ஒரு தோட்டம். மலையில் பறித்த கொழுந்தைச் சாக்குகளில் ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவது வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதே பாதை. ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிக்க வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பேச்சும் குறைவு. யாராவது ஏதாவது கேட்டால் லொறியின் டயரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

என் மகள் அப்படி இல்லை. அவளுக்கு இருபத்து மூன்று வயது. பதுளை டவுனில், நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் முதலாளியின் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறாள். அந்தக் கடையின் பின்னறையில் மூன்று தொலைக்காட்சிகளும் மூன்று விளையாட்டு இயந்திரங்களும் இருக்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று பிள்ளைகள் வந்து விளையாடுவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் என் மகள் விளையாடிப் பார்த்து, எது நல்ல விளையாட்டு, எது ஏமாற்று என்று தமிழில் எழுதி முகநூலில் போடுவாள். அதை வாசிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அது ஒரு வேலையாகத் தெரியவில்லை. பிள்ளை ஏதோ பொழுதுபோக்குகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லுணுகலையில் சாமான் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். அவள் பின்னால் இருந்தாள். விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிற ஒரு கொழும்பு அலுவலகத்திலிருந்து தனக்குக் கடிதம் வந்திருப்பதாகச் சொன்னாள். தமிழில் எழுத ஓர் ஆள் தேடுகிறார்களாம். ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லி, அதை விளையாடிப் பார்த்து மதிப்புரை எழுதி அடுத்த திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். அது பிடித்திருந்தால் வேலை. காற்றில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கடைசியாக அவள் சொன்னது மட்டும் முழுதாகக் கேட்டது.

"கெடச்சா கொழும்புல போய்த்தாம்ப்பா இருக்கணும்."

நான் தலையைத் திருப்பினேன். கொழும்புக்கா என்று கேட்கத்தான் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் முன்சக்கரம் வளைவோரம் இருந்த சரளைக் கல்லில் ஏறிவிட்டது.

எதிரே எந்த வண்டியும் இல்லை. மழை இல்லை. எனக்கு முழங்காலில் தோல் போனது. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அரிசிப் பை கிழிந்து பாதையெல்லாம் அரிசி. அவள் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அழாமல், அந்த அரிசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு பேர் இருந்தது, அது காரணமாக இருக்கலாம். கட்டிலில் படுத்திருந்த என் மகள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவளும், "ஆமா, நாய்" என்றாள்.

நாங்கள் விழுந்த வளைவில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே மண்நிற நாய் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். என் மனைவி மறுநாளிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதன் மேல் கல்லெறிய ஆரம்பித்தாள். பிள்ளையின் கையை உடைத்த சனியன் என்று திட்டுவாள். நாய் ஒன்றும் விளங்காமல் எழுந்து நாலடி தள்ளிப் படுக்கும். நான் யாருக்கும் தெரியாமல் அதற்கு ஒரு பணிஸ் ரொட்டி வாங்கிப் போட்டேன். அது சாப்பிட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தது. அதைவிட அது என்னைக் கடித்திருக்கலாம்.

மகளுக்கு முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தது. அந்த விளையாட்டுக்கு இரண்டு கையும் வேண்டும். கடைக்கு வருகிற பிள்ளைகள் பள்ளிக்கூடமும் டியூஷனும் முடிந்து சாயங்காலம்தான் வருவார்கள். அவள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அதற்குள் கிளம்பிவிடுவாள். நானாவுக்குக் கடையை விட்டுவிட்டு உட்கார நேரமில்லை. அவள் இடதுகையால் தேநீரைக் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நீங்க வந்து ஓட்டுங்க. நான் பாத்து எழுதிக்கிறேன். ஓட்டுறது ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அது வறட்சி மாதம், கொழுந்து குறைவு. காலை நடையை நான் முடித்துவிட்டால் மாலை நடையைத் தான் பார்ப்பதாக இன்னொரு ஓட்டுநர் சொன்னார். செவ்வாய்க்கிழமை லொறியை நிறுத்திவிட்டு, கை கால் கழுவி, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மகளின் கடைக்குப் போகிறோமே என்று சட்டை மாற்றினேன். போகிற வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. இந்த வயதில் விளையாடப் போகிறேன் என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பின்னறையில் சன்னல் இல்லை. சுவரில் ஒரு மின்விசிறி. மகள் என் கையில் ஒரு கருவியைக் கொடுத்தாள். கன்ட்ரோலர் என்றாள். இரண்டு கொம்பு வைத்த மாதிரி இருந்தது. வலது விரலை அழுத்தினால் வேகம், இடது விரலை அழுத்தினால் பிரேக், பெருவிரலால் திருப்ப வேண்டும். கிளச் இல்லை. காலுக்கு வேலையே இல்லை. என் கால்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தரையில் இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

திரையில் வெளிநாட்டு நகரம் ஒன்று. வெயிலும் கண்ணாடிக் கட்டடங்களும். பாதை அகலமென்றால் அப்படி ஓர் அகலம், நம் தோட்டத்துப் பாதைகள் பத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். சிவப்புக் கார் ஒன்று என்னுடையது. மற்ற ஐந்து கார்கள் போட்டிக்கு. போகிற வழியில் அவற்றைத் தள்ளிச் சுவரில் மோத வைக்கலாம். தள்ளினால் நம் வேகம் கூடும். எங்கேயாவது நாம் மோதினால் படம் மெதுவாகி, கண்ணாடி தூள் தூளாகப் பறப்பதையும் கதவு கழன்று போவதையும் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் காட்டுவார்கள். இரண்டு விநாடியில் அதே கார் புத்தம்புதிதாகப் பாதையில் வந்து நிற்கும். விளையாட்டு இவ்வளவுதான். மகள் ஒரு தடவை சொன்னதும் விளங்கிவிட்டது.

விளங்கி என்ன. முதல் வளைவு வந்ததும் பிரேக்கை அழுத்தினேன். ஹார்ன் எந்தப் பொத்தான் என்று கேட்டேன். ஹார்ன் இல்லை என்றாள். ஹார்ன் இல்லாமல் எப்படி வளைவில் போவது என்று கேட்டேன். ஒரு மேட்டில் எதிரே லொறி ஒன்று ஏறி வந்தது. நான் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்தேன். அதற்குள் மற்ற ஐந்து பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்று ஏழு பந்தயம் ஓட்டினேன். ஏழிலும் கடைசி.

நானா பணப்பெட்டியைப் பூட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். திரையில் நிற்கும் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டிரைவர் அண்ணே, கடேசியா வந்தா என்ன, கார்ல ஒரு கீறல் இல்லியே. இத நாளைக்கே புதுசுன்னு விக்க ஏலும்" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை. அவளுடைய கைப்பேசியில் எழுதும் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்து, இடிக்க வேண்டும் அப்பா, இடித்தால்தான் எழுத ஏதாவது இருக்கும் என்று சொன்னாள். இடிக்காமல் ஓட்டுவதைப் பற்றி யார் வாசிப்பார்கள் என்றாள். நாளைக்கு இடிக்கிறேன் என்று, தோட்டத்தில் மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுப்பவன் போலச் சொன்னேன்.

புதன்கிழமையும் இடிக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. அன்று கொஞ்சம் வேகமாக ஓட்டினேன். பிரேக்கைக் குறைத்தேன். நான் இடது ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன், ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் என் மேலேயே வந்தார்கள். பஸ், வேன், கார், ஒன்று மிச்சமில்லை. நானும் விலகி விலகிப் போகிறேன், விடுகிறார்களில்லை. பட்டப்பகலில் குடித்துவிட்டு ஒரு நகரமே வண்டி ஓட்டுகிறது என்று நினைத்தேன். திரையின் கீழே நீலக் கோடு ஒன்று நிறைந்துகொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ மின்னி மின்னி மறைந்தது. எனக்கு அதை வாசிக்க வரவில்லை.

"எல்லாரும் நம்ம பக்கமே வாறாங்களே, இவனுங்களுக்கு லைசன் குடுத்தது யாரு" என்று நான் திட்டினேன்.

மகள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கை முறிந்த நாளிலிருந்து முதன்முதலாகச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த நாட்டுல வலது பக்கம் ஓட்டணும். நீங்கதான் தப்பான பக்கம் போறீங்க. தப்பான பக்கம் போனா அதுக்குன்னு தனிப் புள்ளி. இந்தக் கடையிலயே யாரும் இவ்வளவு எடுத்ததில்ல."

அந்த நீலக் கோடு நிறைந்தால் ஒரு பொத்தானை அழுத்திக் காரைப் பறக்க விடலாம். நான் அதை அழுத்தவே இல்லை. இருந்தாலும் கோடு நிறைந்தபடி இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒழுங்காகப் பிடித்த பக்கம், அங்கே எமனுக்கு எதிரே ஓடுகிற பக்கமாக இருந்திருக்கிறது. நான் எதையும் துணிந்து செய்யவில்லை. பயந்து பயந்து ஓரமாகப் போனேன், அது துணிச்சல் என்று கணக்கில் ஏறியிருக்கிறது. மகள் இதை எழுதலாம் என்று உற்சாகமாக இடது பெருவிரலால் தட்டத் தொடங்கினாள். எனக்கு மனம் குழம்பிவிட்டது. வலது பக்கம் போகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். கை தானாக இடதுக்கு இழுத்தது. தேர்ந்த கை என்று சொல்வார்கள், என் கைக்கு அன்று எந்தப் பக்கமும் சொந்தமில்லாமல் போனது.

மறுநாள் காலை நிஜ லொறியில் இறங்கி வரும்போது, எதிரே ஒரு ஆட்டோ ஏறி வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒதுங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் லொறியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். அன்று வியாழக்கிழமை. பதுளைக்குப் போகவில்லை. தொழிற்சாலையில் ஏதோ வேலை என்று மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய். நாய்க்குப் பிறகு இரண்டாவது.

அன்று மாலை என் மனைவி, பிள்ளை கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் என் மனதில் இருந்ததுதான் இருந்தது. எங்கள் லயத்து வீட்டு வாசலில் போவதும் வருவதுமாக நடந்தேன். மோட்டார் சைக்கிளின் கோணிய கண்ணாடியை நிமிர்த்தினேன், அது மறுபடி கோணியது, மறுபடி நிமிர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு நானா ஜும்மா தொழுகைக்குப் போவதற்காகக் கடையைச் சாத்துவார். இரண்டு மணி வரை ஆள் வராது. கதவைப் பாதி இறக்கிவிட்டு எங்களைப் பின்னறையில் இருக்கச் சொன்னார். தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "அண்ணே, நான் வாறத்துக்குள்ள ஒண்ணயாவது ஒடச்சி வைங்க. ஒடக்கத்தானே அத செஞ்சி ஈக்கிது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மகள் வேறு ஓர் ஆட்டத்தைப் போட்டாள். அதில் பந்தயம் இல்லை. ஒரு நாற்சந்தி, நாலு பக்கமும் வண்டிகள், மேட்டிலிருந்து நம் காரைக் கொண்டுபோய் நடுவில் மோதினால் எத்தனை வண்டி ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிகிறது என்பதற்குப் புள்ளி. இதில் பிரேக்குக்கு வேலையில்லை. வழி ஒன்றுதான். நான் புறப்பட்டேன். சந்தி நெருங்கியது. இரண்டு பஸ்களுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரிந்தது. நான் அதற்குள் புகுந்து, எதிலும் படாமல், அந்தப் பக்கம் போய் ஓரமாக நிறுத்தினேன்.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை ஒரு எண்ணெய் லொறியை மயிரிழையில் தப்பினேன்.

மகள் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நான் போகக்கூடாதுன்னுதானே அப்பா இப்படி ஓட்டுறீங்க?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்தேன். இங்கே டயர் ஏதும் இல்லை. அப்படியில்லை என்று சொல்ல நினைத்தேன். அப்படியில்லைதானா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பழகிப்போன கை செய்கிற வேலை என்று ஒரு பக்கம் தோன்றியது. கைக்குப் பின்னால் வேறு யாரோ இருந்து பிடித்து இழுக்கிறார்கள் என்றும் தோன்றியது. திங்கட்கிழமைக்குள் எழுதாவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். மாவுக்கட்டு அவிழ்ந்ததும் பழையபடி காலை பஸ், மாலை பஸ். அதை நான் ஒரு தடவை நினைத்துப் பார்த்தது உண்மை. ஒரு தடவைக்கு மேலேயும் இருக்கலாம்.

"போடு திரும்ப" என்றேன்.

போட்டாள். நான் விரலை எடுக்கவில்லை. பெருவிரலையும் அசைக்கவில்லை. கால் தரையை மிதித்தது, மிதிக்கட்டும் என்று விட்டேன். சந்தி வந்தது. எண்ணெய் லொறியின் நடுவயிற்றில் போய் மோதினேன்.

கையில் இருந்த கருவி அதிர்ந்தது. லொறி கல்லில் ஏறும்போது கியர் குச்சி அதிர்கிற மாதிரியே இருந்தது. படம் மெதுவானது. முன்கண்ணாடி வெடித்து உப்பு மாதிரி சிதறியது. போனட் மடங்கி மேலே போனது. பின்னால் வந்த பஸ் சறுக்கி வந்து மோதியது, அதன் மேல் ஒரு வேன் ஏறியது, எங்கோ ஒரு தீ. நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன். மூடவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தேன். படம் காரைச் சுற்றி வந்தது. உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. இரண்டு இருக்கை, ஒரு ஸ்டியரிங்.

"உள்ள ஆள் இல்ல" என்றேன்.

"என்னப்பா?"

"வண்டிக்குள்ள ஆளே இல்ல. பஸ்ஸுலயும் இல்ல பாரு."

அவள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். இத்தனை வருடம் விளையாடுகிறவள், அதைக் கவனித்ததில்லை. திரும்பப் போட்டாள். திரும்ப மோதினேன். இப்போது கை தயங்கவில்லை. ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு எனக்கு அது வந்துவிட்டது. ஒரு தடவை பதினெட்டு வண்டி குவிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாக இருந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது காற்று சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவு நீளமான பாதையில் அவ்வளவு வேகத்தில் நான் வாழ்நாளில் போனதில்லை. எங்கள் பாதையில் மூன்றாவது கியருக்கு மேல் போட இடமே இல்லை. நான்கு, ஐந்து என்று போட்டுக்கொண்டே போவது எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. வாய்விட்டு ஏதோ சத்தம் போட்டேன் போலிருக்கிறது, மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் கேள்வி கேட்க, நான் சொன்னேன். இவ்வளவு பேச்சு நான் ஒரே நாளில் பேசியதில்லை. கண்ணாடி உடைவதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், டயர் சறுக்குவதையும் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்றேன். பாரம் ஏற்றிய லொறி அப்படித் துள்ளாது, அதைத் தப்பாகச் செய்திருக்கிறார்கள். வளைவில் வேகம் குறையாமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவது நடக்காத காரியம், ஆனால் நடந்தால் நன்றாக இருக்கும். பிறகு அவள், நிஜமாக விழும்போது எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவளும் விழுந்தவள்தான். ஆனாலும் கேட்டாள்.

விழுந்ததும் முதலில் சத்தமே இருக்காது என்றேன். எஞ்சின் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும், அது நம் எஞ்சின் என்று தெரியாது. பெட்ரோல் மணக்கும். அடுத்து, பின்னால் இருந்தவர் எங்கே என்று தேட வேண்டும். தலையைத் திருப்பத் தைரியம் வராது. திருப்புகிற அந்த நேரம்தான் நீளம். இதில் அது இல்லை. இதில் மெதுவாகக் காட்டுவது இடிக்கிற நேரத்தை. நிஜத்தில் மெதுவாகப் போவது அதற்குப் பிறகு வருகிற நேரம்.

அவள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"நாய் வரல" என்றேன். "நான் திரும்பிப் பாத்தேன். அதான்."

"தெரியும். நாந்தானே பின்னால இருந்தேன்."

"ஒங்கம்மா அந்த நாய்க்குக் கல்லெறியிறா."

"அதுவும் தெரியும். நீங்க பணிஸ் வாங்கிப் போடுறதும் தெரியும்."

அதற்குள் நானா வந்துவிட்டார். திரையில் குவிந்து கிடந்த வண்டிகளைப் பார்த்து, எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு பிளேன்டீ சொல்லி அனுப்பினார்.

சனியும் ஞாயிறும் அவள் இடதுகையால் எழுதினாள். திங்கட்கிழமை காலை அனுப்புவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். வேகமான, நல்ல விளையாட்டு, முதல் அரைமணியில் கையை விட்டுப் பிரியாது என்று ஆரம்பித்திருந்தாள். இடது பக்கம் ஓட்டிப் பழகிய நாட்டுக்காரர்கள் வலது பக்க நகரத்தில் பயந்து ஓட்டினால் தானாகவே புள்ளி சேரும் என்று எழுதியிருந்தாள். வண்டிகளில் ஆளில்லாததும், அதனால்தான் இடிக்க முடிகிறது என்பதும் அதில் இருந்தது. என் அப்பா என்று ஓர் இடத்தில் வந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். அவள் யோசித்து, ஒரு கொழுந்து லொறி ஓட்டுநர் என்று மாற்றினாள். அது பரவாயில்லை. அப்படிப் பல பேர் இருக்கிறார்கள்.

பிறகு பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதத்துக்கு மேலும் போனது. அவள் கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் நான் செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன். வர வேண்டும் என்று நினைப்பேன். வராதிருந்தால் என்ன என்றும் நினைப்பேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைப்பது உடம்புக்கு நல்லதில்லை. சாப்பாட்டில் கை வைத்தபடி கால் ஆடும். என் மனைவி, காலை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்பாள். ஒரு நாள் அவளிடம் நாய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் மிஞ்சிய ரொட்டியை ஒரு தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மாவுக்கட்டை அவிழ்க்கிற நாளில் மகளை மோட்டார் சைக்கிளில்தான் லுணுகலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போவோம் என்று நான் சொன்னேன். வேண்டாம், இதிலேயே போவோம் என்று அவள்தான் சொன்னாள். திரும்பி வரும்போது பின்னால் இருந்தாள். மாவுக்கட்டிலிருந்து வெளியே வந்த கை மெலிந்து வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. அந்தக் கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள். அரிசி சிந்திய வளைவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவள் பையில் கைப்பேசி அடித்தது.

எடுத்தாள். ஆமாங்க, நான்தாங்க என்றாள். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். சரிங்க, ஒன்றாம் தேதியா, சரிங்க என்றாள். பிறகு கைப்பேசியைப் பைக்குள் போடுகிற சத்தம். சட்டையைப் பிடித்திருந்த கை இறுகியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. வளைவு வந்தது. ஹார்ன் அடித்தேன். சரளைக் கல் அங்கேயேதான் கிடந்தது, அதை விட்டு உள்ளே எடுத்தேன். நாய் தேநீர்க் கடை வாசலில் படுத்திருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. எதிரே பஸ் ஒன்று ஏறி வந்தது, ஒதுங்கி வழிவிட்டேன். அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு. ஒவ்வொன்றிலும் ஹார்ன் அடித்தேன். முன்னால் இருக்கும் பாதையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தோட்டத்துக்குப் பிரிகிற இடத்தில் சமதரை இருக்கிறது. அங்கே ஓரமாக நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றினேன். அப்போதும் திரும்பவில்லை.

"வண்டி நின்னுருச்சிப்பா" என்றாள். "இப்ப திரும்பலாம்."

எஞ்சினை நிறுத்தினேன். அவள் இறங்கும்வரை பிடித்திருந்தேன். ஸ்டாண்டைப் போட்டேன். சரியாக நிற்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு திரும்பி, "கொழும்புக்கா?" என்று கேட்டேன்.